மகரந்தக்காரன்

இதில ஆரும் இருக்கினமோ தம்பி? இல்லையோ. அப்ப கொஞ்சம் அரக்கி இரும், நான் இருக்கிறன். இல்லையில்லை, பையை மேல வைக்கத் தேவையில்லை. மடியிலயே கிடக்கட்டும். உள்ளுக்க சாப்பாடு கிடக்கு, சரிஞ்சால் கொட்டிப் போடும்.

தமிழ்ப் பிள்ளை எண்டு ஏறேக்கையே கண்டுபிடிச்சிட்டன். முகத்தை வைச்சு இல்லை, உந்த றோல்ஸ் மணத்தை வைச்சு. வெள்ளைக்காரர் ஆர் காலங்காத்தால பஸ்ஸுக்குள்ள இருந்து மட்டன் றோல் சாப்பிடப் போகினம்? வின்சரில படிக்கிறீரோ? என்ன படிப்பு? ஓ, எஞ்சினியரிங். நல்லது. லீவுக்கு வீட்டை போறீர் போல. நானும் ரொறன்ரோவுக்குத்தான். மகள் வீட்டை.

எனக்கோ? சீ, வேண்டாம், உமக்கெண்டு செய்து தந்ததை நான் ஏன்... சரி, ஒருதர் ஆசையா நீட்டேக்கை மறுக்கக் கூடாது. ஒண்டு தாரும். ம். நல்ல உறைப்பு. அம்மா செய்ததோ? பிறீசரில வைச்சுச் சூடாக்கினதெண்டு சொல்லேலாது, மொறுமொறுப்பு அப்பிடியே இருக்கு. அவவின்ர கைக்குப் பவுண் காப்புப் போட வேணும். நான் இப்பிடி ஒருதற்ற கையால வாங்கிச் சாப்பிட்டுக் கனகாலம் தம்பி. மனிசி மகளோட போய் நிக்கிறா. நான் தனியத்தான். சோறு, பருப்பு, ஒரு முட்டை. சமைக்கிறது பெரிய பாடில்லை, சாப்பிடுறதுதான் பாடு. ரீவியைப் போட்டுவிட்டால் ஆரோ வீட்டில கதைக்கிற மாதிரி இருக்கும். அதுக்காகப் போட்டு விடுறது, பாக்கிறதுக்கில்லை.

ஊரில நீங்கள் எவடம்?

ஓ, இஞ்சயே பிறந்தனீரோ. அப்ப அப்பா அம்மா எவடம்? ஆலங்குழியோ. அட, பாரும். நாங்கள் வேலம்புலம். பக்கத்து ஊர், இடையில ஒரு வயல்வெளிதான். ஆலங்குழியில எந்தப் பக்கம்? பிள்ளையார் கோயிலடியோ, தரவையோ? தெரியாதோ. பறவாயில்லை, நினைவு வந்தால் பிறகு சொல்லும். நான் உதுகள் பாக்கிற ஆளில்லை. சும்மா கேட்டு வைக்கிறதுதான்.

என்ர வேலையோ? சொன்னால் சிரிப்பீர். கஞ்சாச் செடி வளர்க்கிறன். பயப்பிடாதையும், களவில்லை. அரசாங்க லைசென்ஸ் உள்ள இடம். இந்த நாட்டில சட்டம் விட்டாப் பிறகு லெமிங்ரன் பக்கம் தக்காளி போட்ட கிறீன்ஹவுஸ் சிலது உதுக்கு மாறிட்டுது. நானும் தக்காளியோட உள்ளுக்க போய்க் கஞ்சாவோட நிக்கிறன். கோயிலில ஆரும் கேட்டால் மனிசி 'அவர் விதைப் பகுதியில' எண்டு சொல்லுவா. அது பொய்யில்லை. நான் விதைக்குத்தான் பொறுப்பு.

கஞ்சாவில ஆண் செடி வேற, பெண் செடி வேற. எங்கட பனை மாதிரி. கொம்பனிக்குத் தேவை பெண் செடியின்ர பூ. அதில ஆண் செடியின்ர மகரந்தம் பட்டுதெண்டால் பூ விதை வைச்சிடும், பிறகு அதை ஒருத்தரும் தொட மாட்டினம். எண்டபடியால் ஆண் செடியைக் கண்டால் உடன பிடுங்கி எறியிறது. ஆனால் எல்லாத்தையும் எறிஞ்சால் அடுத்த முறைக்கு விதைக்கு எங்க போறது? அதுக்காகக் கொஞ்ச ஆண் செடியைக் கடைசி மூலையில, தனிக் கதவு, தனிக் காத்து உள்ள ஒரு அறையில வைச்சு வளர்க்கிறது. அந்த அறை என்ர அறை. அதுக்குள்ள வேற ஒருத்தரும் வர மாட்டினம்.

பூ வெடிக்கப் போற பதம் ஒண்டு இருக்கு. குட்டிக் குட்டித் திராட்சைக் குலை மாதிரித் தொங்கும். அந்தப் பதத்தில கொப்பை முறிச்சுத் தண்ணிப் போத்தலில செருகி, கீழ ஒரு கண்ணாடியை வைச்சு விட்டால், விடிய வந்து பாக்கக் கடலை மா அரிச்சு விட்ட மாதிரி மஞ்சளாக் கொட்டிக் கிடக்கும். அதை அரிதட்டால அரிச்சு, ஈரமில்லாமல் வறுத்த கோதுமை மாவோட கலந்து, சின்னக் குப்பியில அடைச்சு பிறீசரில வைக்கிறது. ஈரம் பட்டால் செத்துப் போகும். தண்ணிதான் அதுக்கு யமன்.

பேந்து பெண் செடி பதத்துக்கு வரேக்கை, காத்தாடியெல்லாம் நிப்பாட்டிப் போட்டு, என்ர மூச்சையும் அடக்கிக்கொண்டு, கீழ்க் கொப்பு ஒண்டில மட்டும் சின்ன பிறஷால தடவுறது. தடவின உடன கடதாசிப் பையால மூடிக் கட்டிப் போடுவன். அந்தக் கொப்பு மட்டும் விதை வைக்கும். மிச்சக் கொப்பெல்லாம் கன்னியா நிக்கும். எந்தச் செடிக்கு எந்தக் குப்பி எண்டு நான்தான் பாக்கிறது. மெய்யாச் சொல்லப் போனால் ஷெரில் எண்டு எங்கட மனேச்சர், அவதான் சொல்லுவா. ஆனால் கை என்ர கை. கல்யாணத் தரகர் எண்டு வைச்சுக் கொள்ளுமன். செடி நல்லது தம்பி, சொன்ன இடத்தில கட்டும். பிள்ளையள்தான் கேக்கிறதில்லை.

நான் குறை சொல்லேல்லை. வேலை நல்ல வேலை. ஆனால் அங்க என்னை வைச்சிருக்கிற விதத்தைக் கேட்டீரெண்டால் உமக்கு மனம் பொறுக்காது.

மகரந்தம் உடுப்பில ஒட்டும், தலைமயிரில ஒட்டும், மூக்குக்குள்ளயும் கிடக்கும். அதுக்குப் பயந்து அங்க ஒருத்தரும் எனக்குக் கிட்ட வர மாட்டினம். பெண் செடி அறையில எனக்குள்ள வேலையைக் காலமை வந்த உடன முடிச்சுப் போட வேணும். பிறகு என்ர அறைக்குள்ள கால் வைச்சனெண்டால் அண்டைக்கு வேற ஒரு கதவும் எனக்குத் திறவாது. சாப்பாட்டறைக்குள்ளயும் விடேலாதாம். வெளியில சாமான் போடுற கொட்டில் ஒண்டில ஒரு கதிரை போட்டுத் தந்திருக்கினம். குளிருக்கு ஒரு சின்ன ஹீற்றர். அதுக்குள்ள இருந்து நான் சோத்தைக் குழைக்க, கண்ணாடிக்கு அங்கால அவையள் எல்லாரும் ஒண்டா இருந்து சிரிச்சுச் சாப்பிடுவினம். சத்தம் கேக்காது. வாய் அசையிறது மட்டும் தெரியும்.

தேத்தண்ணிக் கோப்பை கூட எனக்கு வேற. நீலக் கோப்பை. சாப்பாட்டறைக்கு வெளியில ஒரு ஆணியில கொழுவிக் கிடக்கும். குடிச்சிட்டு நானே கழுவி நானே கொழுவ வேணும். மற்றவையின்ர கோப்பையோட சேரக் கூடாது. எர்னெஸ்ரோ எண்டு ஒரு மெக்சிக்கோப் பெடியன், நல்லவன், வேலைக்கு ஏத்திப் போற வானில என்ர பக்கத்தில இருந்து பாட்டுப் பாடிக்கொண்டு வந்தவன், நான் இந்த வேலைக்கு மாற முதல். அவன்ர பிறந்தநாளுக்குக் கேக் வெட்டினவை. நான் கொட்டில் வாசலில நிக்கிறன். அவன் ஒரு துண்டைக் கடதாசித் தட்டில கொண்டு வந்து, படியில வைச்சுப் போட்டு, திரும்பிப் போய்க் கதவடியில நிண்டு கையைக் காட்டுறான், எடு எண்டு. அவன் தள்ளி நிண்டாப் பிறகுதான் நான் போய் எடுத்தனான். தொண்டையால இறங்கேல்லை தம்பி அந்தக் கேக்.

மனிசனை மனிசனா நடத்தத் தெரியாத சனம். எங்கட வீட்டில அப்பிடியில்லை. தோட்டத்துக்கு, வேலியடைக்க, தேங்காய் பிடுங்க எண்டு வாற ஆக்களை எங்கட அம்மா ஒரு நாளும் வெறும் வயித்தோட விட மாட்டா. அவையளுக்கெண்டே பின் கோடியில ஒரு பேணி இருந்தது. வேலியோரம் கவிட்டுக் கிடக்கும். வந்தால் தாங்களே எடுத்து நீட்டுவினம், அம்மா எட்ட நிண்டு ஊத்துவா, குடிச்சிட்டுக் கழுவிக் கவிட்டு வைச்சிட்டுப் போவினம். அவ்வளவு ஒற்றுமை. ஒருதரும் மனம் நொந்து போனது நான் காணேல்லை.

இஞ்ச வான் ஏற முதல் ஷெரில் என்னை நிப்பாட்டித் தண்ணி அடிப்பா. சட்டைக்கு, தலைக்கு, சப்பாத்துக்கு. உடுப்பு மினுக்கேக்கை தண்ணி தெளிக்கிற போத்தலை வைச்சு ஸ் ஸ் எண்டு. எல்லாரும் பாத்துக்கொண்டு இருப்பினம். நனைஞ்ச கோழி மாதிரி ஏறிக் கடைசி சீற்றில இருப்பன். பக்கத்து சீற் எப்பவும் வெறுமை. அதுதான் சொல்லுறன், நீர் இப்ப அரக்கி இருந்து இடம் தந்தது எனக்குப் பெரிய விசயம்.

மகளோ? ஒருத்திதான். ஆரபி. பார்மசியில வேலை. கெட்டிக்காரி. சின்னனில நான் வேலையால வரும்வரைக்கும் படியில இருப்பாள். சப்பாத்தைக் கழட்டவும் விட மாட்டாள், காலைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு நிப்பாள். அவள்தான் ஒரு நாள் வந்து நிரோஜன் எண்டு ஒரு பெடியனைப் பற்றிச் சொன்னாள். தங்கமான பிள்ளை எண்டு எல்லாரும் சொல்லீனம், நானும் இல்லையெண்டு சொல்லேல்லை. எந்த ஊர் எண்டு கேட்டன். வேலம்புலம் எண்டாள். எனக்குச் சரியான சந்தோசம். ஊரில எந்தப் பக்கம் எண்டு கேட்டன். அவளுக்குத் தெரியேல்லை. உம்மைப் போலத்தான், இஞ்ச பிறந்ததுகளுக்கு என்ன தெரியும். நான் பாரிசில இருக்கிற மச்சானுக்கு ரெலிபோன் எடுத்தன், அவர் ஊருக்கு எடுத்தார். அண்டைக்குப் பின்னேரமே தெரிஞ்சு போச்சு. குளத்துக்கு அங்கால.

எங்கட ஊரில குளத்துக்கு இஞ்சால நாங்கள், அங்கால அவையள். உங்கட ஆலங்குழியில தரவைப் பக்கம் இருக்கல்லோ, அது போலத்தான். எங்கட வீட்டுக் கோடிக்கு வேலைக்கு வந்து போனவை. விளங்குதுதானே. இதுக்கு மேல நான் சொல்லத் தேவையில்லை. நான் உதுகள் பாக்கிற ஆளில்லை, ஆனால் சனம் பாக்குமே. நாளைக்கு ஒரு சபை சந்தியில எங்களை எங்க இருத்துவினம்?

நான் சத்தம் போடேல்லை. அடிக்கேல்லை. சில தகப்பன்மார் செய்த கூத்தெல்லாம் நான் செய்யேல்லை. அந்தப் பெடியன் ஒரு நாள் பூங்கொத்தோட வந்து வாசலில நிண்டவன். நல்ல பனி. தலையெல்லாம் வெள்ளை. நான் கதவைச் சாத்தினனான். மெல்லமாத்தான் சாத்தினனான். அவ்வளவுதான் நடந்தது. அதுக்கு அவள் தன்பாட்டில கல்யாண எழுத்தை முடிச்சுக்கொண்டு, என்னோட கதையை விட்டிட்டாள். மனிசி கோயிலுக்கு எண்டு சொல்லிப் போட்டு எழுத்துக்குப் போனவ. கோயிலுக்குப் போறவ ஏன் கூறைச் சேலை உடுக்க வேணும் எண்டு நான் கேக்கேல்லை. பிறகு பிள்ளை வயித்தில எண்டவுடன உதவிக்கெண்டு போய் அங்கயே நிண்டிட்டா. அங்கயிருந்து ரெலிபோன் எடுப்பா. அரிசி எங்க, மிளகாய்த்தூள் எங்க எண்டு சொல்லுவா. வேற ஒண்டும் சொல்ல மாட்டா.

பாரும், ஒண்டு சொல்ல மறந்திட்டன். என்ர வேலையில ஒரு பெரிய வெற்றி கிடைச்சது. ஷெரிலிட்ட ஒரு நல்ல வர்க்கம் இருந்தது. வருசக் கணக்கா வெளியில ஒண்டையும் கலக்க விடாமல், அதின்ர ஆணை அதின்ர பெண்ணுக்கே தடவித் தடவி, சுத்தமாக் காத்து வந்தது. காவல்காரன் நான். அது பாரும், வர வர நோஞ்சலாப் போச்சு. விதை போட்டால் பாதி முளைக்காது. முளைச்சது நிமிராது. ஒரு தும்மலுக்குச் சாயும். ஷெரில் தலையில கையை வைச்சிட்டா.

பிறகு எங்கயோ போய் ஒரு குப்பி கொண்டு வந்தா. வாய்க்கால் ஓரத்தில தன்பாட்டில முளைக்கிற காட்டுச் செடியாம். ஒரு பேரில்லை, வழியில்லை. அதின்ர மகரந்தத்தை இந்த வர்க்கத்துக்குத் தடவட்டாம். எனக்கு மனம் வரேல்லை தம்பி. இவ்வளவு காலம் மூச்சை அடக்கிக் காத்ததில வாய்க்கால் ஓரத்தைக் கொண்டு போய்ப் பூசுறதோ? பிறஷைப் பிடிச்ச கை கூசிச்சுது. ஆனால் வேலை வேலைதானே. தடவினன், பையைக் கட்டினன்.

விதை முத்திப் பையை அவிழ்க்கேக்கை நீர் பாத்திருக்க வேணும். கறுப்பு, வரி வரியா, எண்ணெய் பூசி விட்ட மாதிரி மினுக்கம். போட்டது ஒண்டும் பொய்க்கேல்லை. கிழமைக்குள்ள முழங்கால் உயரம் வந்த மாதிரி எனக்கு. ஒரு நோய் நொடி கிட்ட வரேல்லை. இப்ப அங்க நிக்கிறதெல்லாம் அதின்ர பிள்ளையள்தான். ஷெரில் வெளியில வந்து, எட்ட நிண்டுதான், ரண்டு கையையும் தட்டினவ. எனக்குச் சொல்லி முடியாத பெருமை. வெளியில இருந்து ஒரு புது ரத்தம் வராட்டில் எந்த வர்க்கமும் அழிஞ்சு போகும் தம்பி. அது இயற்கை. அதை ஆரும் மாத்தேலாது.

ஓம், மகள் விசயம் வேற. அது மனிசர். நான் செடியைப் பற்றிச் சொல்லுறன்.

அந்தப் பெருமை நிலைக்கேல்லை. பெரிய கிறீன்ஹவுஸில பூ வெட்டேக்கை விதை இருந்திட்டுது. ஒரு பூவில இல்லை, ஒரு மூலை முழுக்க. எல்லாரும் திரும்பி என்னைத்தான் பாத்தவை. ஒருத்தர் கூட ஒரு கேள்வி கேக்கேல்லை. நான் ஆண் செடிக்காரன், நான்தான் கொண்டு வந்து பரப்பியிருப்பன் எண்டு பாத்த உடன முடிவு கட்டிப் போட்டினம். அதோட வானிலயும் ஏற விடேல்லை. மழைக்குள்ள ரோட்டோரமா நடந்து போனனான். எங்கட வான் என்னைக் கடந்து போகேக்கை எர்னெஸ்ரோ கண்ணாடிப் பக்கம் திரும்பேல்லை. பாட்டுப் பாடினவன். அண்டைக்கு வீட்டை போய் ரீவியைக் கூடப் போடேல்லை. சுவரைப் பாத்துக்கொண்டு இருந்து அழுதனான் தம்பி. இந்த வயசில.

பிறகு என்ன நடந்தது தெரியுமோ? பூக்கிற செடிக்கு இரவில இருட்டு வேணுமெண்டு இழுக்கிற கறுப்புச் சீலையில ஒரு கிழிசல். அதுக்குள்ளால இரவில வெளிச்சம் விழுந்து, நடுவில நிண்ட பெண் செடி ஒண்டு குழம்பிப் போய்த் தானே ஆண் பூவையும் பூத்திட்டுது. கஞ்சாவில அப்பிடி நடக்கும். வெளியில இருந்து ஒண்டும் வரேல்லை. உள்ளுக்க நிண்டதே செய்தது. அதைக் கண்டுபிடிச்ச பிறகாவது ஒருதர் வந்து 'நாங்கள் பிழையா நினைச்சிட்டம்' எண்டு சொன்னவையோ? இல்லை. வானில ஏற விட்டினம், கடைசி சீற்றில. கோப்பை அதே ஆணியில. பிறப்பிலயே அழுக்கு ஒட்டிக்கொண்டு வந்தவன் மாதிரி ஒரு மனிசனை ஒதுக்கி வைக்கிறதெண்டால், அவையளுக்கு எப்பிடி இரவில நித்திரை வருது எண்டு நான் யோசிக்கிறனான்.

என்ன, ரெலிபோனை எடுத்திட்டீர். போரடிக்குதோ? நான் ஆரோடயும் கதைச்சுக் கனநாள், அதுதான் கொட்டுது.

இஞ்ச, இதைப் பாரும். பேரன். மனிசி ரெலிபோனுக்கு அனுப்பினவ. கண் அப்பிடியே எங்கட அம்மாவின்ர கண். நிறம் கொஞ்சம் குறைவு, அது போகப் போக வெளிக்கும். காலமை எழும்பினவுடன முகம் கழுவ முதல் இதைத்தான் பாக்கிறது. கொட்டிலுக்குள்ள இருந்து சாப்பிடேக்கையும் பாக்கிறது. இந்தக் கை பாரும், எப்பிடிப் பொத்திக்கொண்டு இருக்கிறான் எண்டு. அதுக்குள்ள என்ர விரல் ஒண்டை விட்டால் பிடிப்பானல்லோ. எனக்கு வேற ஒரு ஆசையும் இல்லைத் தம்பி. ஒருக்காத் தூக்கினால் காணும்.

பிள்ளை பிறந்து இண்டைக்குத்தான் முப்பத்தொண்டாம் நாள். துடக்குக் கழிவு. போன கிழமை அந்த மனிசன் எனக்கு ரெலிபோன் எடுத்தவர். மருமகன்ர தகப்பன். சம்பந்தி எண்டு சொல்ல எனக்கு வாய் வருகுதில்லை. அவர் இஞ்ச ஒரு பெரிய சாப்பாட்டுக் கடையில சமையல் கோக்கியா இருந்து ஓய்ந்தவராம். 'நீங்கள் கட்டாயம் வர வேணும், உங்கட பேரப்பிள்ளையெல்லோ, நான் என்ர கையால சமைச்சு வைக்கிறன்' எண்டார். நல்ல மரியாதையாத்தான் கதைச்சவர். நான் ம், ம் எண்டன். பிறகு ஆரபி வாங்கிக் கதைச்சாள். எவ்வளவு காலத்துக்குப் பிறகு அந்தக் குரல். நான் 'மகள், எப்பிடியம்மா இருக்கிறாய்' எண்டு கேக்க வாயெடுக்கிறன், அவள் அதுக்கு முதல் சொல்லுறாள்: 'அப்பா, மாமா சமைக்கிறார். எல்லாரும் ஒரு மேசையில இருந்து சாப்பிடுவம். நீங்களும் இருந்து சாப்பிட்டால் பிள்ளையைத் தூக்குங்கோ. ஏலாதெண்டால் வராதேங்கோ.' வைச்சிட்டாள்.

பாத்தீரோ. பெத்த தகப்பனுக்குச் சட்டம் போடுறாள்.

நான் ஒரு வழி வைச்சிருக்கிறன். அதுதான் இந்தப் பை. டொக்டர் சொன்னவர், சுகர் கூடிப் போச்சு, வெளிச்சாப்பாடு வாயில வைக்கக் கூடாது எண்டு. அப்பிடிச் சொல்லப் போறன். நானே காலமை எழும்பிப் புட்டு அவிச்சு, ஒரு கத்தரிக்காய்க் குழம்பும் வைச்சுக் கொண்டு வந்திட்டன். அவையளோட அதே மேசையில இருந்து இதைச் சாப்பிடுவன். மேசை ஒண்டுதானே, ஆர் என்ன சொல்லேலும்? தண்ணியும் என்ர போத்தலில. குடிக்கக் கோப்பையும் இருக்கு, இஞ்ச பாரும். ஓம், நீலக் கோப்பைதான். வேலையில ஆணியில கிடந்தது. வேற ஒருதற்ற வாயும் படாத கோப்பை, அதுதான் எடுத்து வந்தனான். இதில குடிச்சால் ஒருத்தருக்கும் ஒண்டும் விளங்காது.

ஆரபிக்கு விளங்கும் எண்டோ சொல்லுறீர்? அவள் கெட்டிக்காரிதான். வாசலில வைச்சே இந்தப் பையைப் பாத்தாளெண்டால்... சீ. பாக்க மாட்டாள்.

அந்த மனிசன் சமைச்சதைச் சாப்பிட்டால் என்ன எண்டோ? சாப்பிடலாம். ஒரு குறையும் இல்லை. நல்லாச் சமைப்பாராம். நான் உதுகள் பாக்கிற ஆளில்லை எண்டு முதலே சொன்னன்தானே. ஆனால் இறங்காது தம்பி. இந்த இடத்தில நிண்டுபோம். வேணுமெண்டு செய்யிறதில்லை, உடம்பு கேக்காது. ஆலங்குழியில உங்கட ஆக்களிட்டக் கேட்டுப் பாரும், அவையளும் இதைத்தான் சொல்லுவினம்.

என்ன?

தரவையோ. ஓ. அப்பா தரவைப் பக்கமோ. முதல் தெரியாதெண்டு சொன்னீர். தெரியும், சொல்ல விரும்பேல்லையோ. ம். அப்பிடியே. அங்கயும் நல்ல ஆக்கள் இருக்கினம். எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் வாத்தியாராக்கூட இருந்தவர்.

இல்லை, மற்ற றோல் வேண்டாம். நீ சாப்பிடு. ஏன் நீட்டிக்கொண்டு இருக்கிறாய், வயிறு ஒரு மாதிரிக் கிடக்கு, அதுதான். இல்லை, இது வாய் கொப்பளிக்க இல்லை, விக்கலுக்குக் குடிச்சனான். கைக்குத் தண்ணி விட்டது எண்ணெய்ப் பிடிப்புக்கு. முந்தித் தந்தது நல்ல ருசி, நான் இல்லையெண்டு சொல்லேல்லை.

என்ன எழும்பிட்டாய்? இறங்கிற இடம் இன்னும் வரேல்லையே, இப்பத்தானே இஞ்சத்தை லண்டன் தாண்டுது. உன்ர பையையும் எடுத்துக்கொண்டு எங்க போறாய்? பின்னால ஏன், இஞ்சயே இடம் இருக்கு. நீ இருந்த இடம்தானே. தம்பி.

உடுப்பைப் பாத்தோ? இது வேலைக்குப் போற உடுப்பில்லைத் தம்பி. புதுசு, மகள் வீட்டை போறனெண்டு எடுத்தது. நான் விடிய எழும்பித் தலை முழுகிப் போட்டுத்தான் வந்தனான். சோப்புப் போட்டு, ரண்டு தரம். வந்து இரும். என்னில ஒண்டும் ஒட்டிக்கொண்டு இல்லை.